தானே

"தூங்கிப்போட்டனுங்க" என்றார் நாச்சிமுத்து.

கேள்வி கேட்ட விசாரணை அலுவலர் சவுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பட்டப்பகல். பக்கத்துல சம்சாரம் உக்காந்திருக்காங்க. அப்பவா தூங்குனீங்க?"

"தூங்கிப்போட்டனுங்க."

கிளிப்பிள்ளை மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார் மனிதர். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து விபத்து விசாரணை நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஓட்டுநர்கள் கூட்டத்தில் எள் விழ இடமில்லை. "அட, நம்ம நாச்சிமுத்து அண்ணனா தூங்குச்சு?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இருபது வருஷமாகக் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்வருகிற ஆள். வண்டியில் கொட்டாவி விட்டதைக்கூட ஒருத்தரும் பார்த்ததில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எழில் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. அவர் சொல்வது பொய் என்று அந்த மண்டபத்தில் அவளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். வண்டிக்குள் இருந்த கேமரா அவர் கண்களைப் பதிவு செய்திருந்தது. சண்முகநதிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதுகிறவரைக்கும் அந்தக் கண்கள் திறந்தேதான் இருந்தன. வண்டி செய்த கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் அவளே அதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தப்பிப்பதற்காகப் பொய் சொல்கிறவர்களை அவள் நிறையப் பார்த்ததுண்டு. தன் கழுத்துக்குத் தானே கயிறு மாட்டிக்கொள்ள ஒருவர் பொய் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறாள்.

இந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நெடுவழி மோட்டார்ஸ் செய்த பிக்கப் அது. நாற்கரச் சாலையில் ஏற்றிவிட்டு ஒரு பட்டனை அமுக்கினால் அதுபாட்டுக்குப் போகும். கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ரோட்டில் அதற்குப் பெயர் 'தானா'. "தானா போட்டுட்டு டீ குடிச்சேன்" என்பார்கள். "தாராபுரம் தாண்டுறவரைக்கும் தானாதான்" என்பார்கள். ஆனால் பாலம், குறுகல், குறுக்கே மாடு என்று தனக்குப் புரியாத இடம் வந்தால் வண்டி கையைக் கழுவிவிடும். எல்லாவற்றுக்கும் அடிக்கிற அதே பீப் சத்தம், ஒரு விளக்கு, அவ்வளவுதான். ஸ்டீயரிங் மனிதன் கைக்கு வந்துவிடும்.

"விளக்கு எரிஞ்ச நொடியில இருந்து ஓட்டுறது மனுஷன்தாம்மா, மெஷின் இல்லை. சட்டமே அப்படித்தான் சொல்லுது" என்றார் கம்பெனி வக்கீல் ஜெயசீலன். "பீப் சத்தம் வந்திருக்கு. விளக்கும் எரிஞ்சிருக்கு. ஓட்டுநரே தூங்கினதா ஒத்துக்கிறார். இதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்கு? லைசென்ஸை ரத்து பண்ணிட்டு, போலீஸ் கேஸைப் போலீஸ் பார்த்துக்கட்டும்."

"இருங்க சார். சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டியில அந்த விளக்கைப் பார்த்துட்டு முடிச்சுக்கலாம்" என்றார் சவுந்தரம்.

கடைசி வரிசையில் நாச்சிமுத்துவின் மனைவி அமராவதி ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் புருஷன் பக்கம் திரும்பவேயில்லை. ஊரார் நினைத்தார்கள், காலைப் பறித்தவன் மேல் கோபம் என்று.

எழிலை அங்கே அழைத்து வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள். அதில் எழுதியிருந்த தமிழுக்கு 'சரி' சொன்னவளும் அவள்.

வெட்கக்கேடு அங்கேதான் இருக்கிறது. எழிலுக்குத் தமிழ் வாசிக்க வராது.

பேசச் சொன்னால் சென்னைத் தமிழில் பிளந்து கட்டுவாள். ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவாள், அம்மாவிடம் செல்லம் கொஞ்சுவாள். எழுத்தைக் கண்டால்தான் திணறல். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று அம்மா சேர்த்துவிட்டாள். அள்ளினாள், அதையும் சொல்ல வேண்டும். பஸ் போர்டைப் படிப்பதற்குள் பஸ் போய்விடும் என்கிற விஷயத்தை மட்டும் கல்லூரி, வேலை, நண்பர்கள் என்று எல்லா இடத்திலும் சாமர்த்தியமாக மறைத்து வந்தாள். 'மெனு நீயே பார்த்துச் சொல்லேன், கண்ணாடி எடுத்துட்டு வரலை' என்பாள். கண்ணாடியே போடாதவள்!

அந்த வருஷம் ஒரு விதி வந்தது. வண்டியில் எச்சரிக்கைகள் எல்லாம் அந்தந்த மாநில மொழியில் இருக்க வேண்டும். அதுவரைக்கும் விளக்கில் ஒரு கையின் படம்தான் இருந்தது. கை எரிந்தால் ஸ்டீயரிங்கைப் பிடி. கைநாட்டுக்கும் புரியும். இடம் போதாது என்று கையை எடுத்துவிட்டு எழுத்தைப் போட்டார்கள். 'டிரைவ் யுவர்செல்ஃப்' என்பதைக் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துக் கொடுத்தது. மீட்டிங்கில் திரையில் அது வந்து நின்றபோது, டெல்லியில் வளர்ந்த மேலாளர் ரகோத்தமன் திரும்பிப் பார்த்தார்.

"எழில், நீதானே நம்ம டீமுக்குத் தமிழ்? சரியா இருக்கா பாரு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படித்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் உதட்டை அசைத்துப் படிக்க வேண்டுமே என்று நினைத்தபோதே முகம் சூடாகிவிட்டது. நடுவில் ஒரு 'ஓ' தெரிந்தது. ஓட்டு என்பதாகத்தான் இருக்கும்.

"பக்கா" என்றாள் எழில்.

மறுமாதமே புகார்கள் வந்தன. விளக்கு கண்ணில் படவில்லை, எங்கேயோ மூலையில் எரிகிறது என்று ஓட்டுநர்கள் வீடியோ அனுப்பித் திட்டினார்கள். அவள் மேசைக்கு வந்தபோது அது ஆங்கிலத்தில் ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. 'பார்வைக்கோணம், சிறு அசௌகரியம்.' பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தாள். நாச்சிமுத்துவின் வண்டி சர்வீஸிலிருந்து புது எழுத்தோடு வந்தது விபத்துக்கு முந்தின நாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் ஜெயசீலனைத் தனியாகப் பிடித்தாள். "சார், அவர் தூங்கலை. கண் ரெக்கார்டு நம்மகிட்ட இருக்கே."

"கேட்டாங்களா? கேக்கலை. கேக்காததுக்குப் பதில் சொன்னா நான் வக்கீல் இல்லை, ஜோசியக்காரன்." அவர் ரசத்தை உறிஞ்சினார். "அவரா தலையைக் கொடுக்கிறார். நமக்கென்ன? நீ வந்து 'தமிழ் தெளிவா இருக்கு, நான்தான் செக் பண்ணேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. நைட்டு சென்னையில இருக்கலாம்."

அவள் சோற்றை அப்படியே வைத்து இலையை மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

காட்டுவதற்காகக் கம்பெனி கொண்டுவந்திருந்த வண்டி புளியமரத்தடியில் நின்றது. நாச்சிமுத்துவின் வண்டி மாதிரியே அச்சு அசல். மெக்கானிக் விளக்கை எரியவிட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். எழில் வழக்கம்போல இடதுபக்கக் கதவுக்குப் போனாள். கைப்பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இந்த வண்டியில் அவள் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாள். எல்லாமே இடதுபக்கம்தான். சோதனை ஓட்டத்தில் ஓட்டுவதற்கு ஆள் இருப்பார். கம்பெனிப் பெரியவர்கள் எல்லாரும் இடதுபக்கம் உட்கார்ந்து 'ஆகா, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது' என்று மெச்சுவார்கள். நடுவில் பெரிய திரை வேண்டும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அழகு கெடக்கூடாது என்று மிஞ்சிய இடத்தில் அவள் அந்த விளக்கைச் செருகியபோதும் இடதுபக்கம் உட்கார்ந்துதான் பார்த்தாள். வண்டி செய்தவள், ஓட்டுகிறவர் இடத்தில் ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. நல்ல கூத்துதான்.

சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போய் ஏறினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். விளக்கைத் தேடினாள். இடதுகைக்கு அப்பால், ஸ்டீயரிங் வளையத்தை ஒட்டி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் உதட்டை அசைத்துப் படித்தாள்.

"தா... னே."

அவ்வளவுதான் இருந்தது. மீதியைக் காணோம். இடதுபக்கமாக நன்றாகச் சாய்ந்தாள். வளையத்துக்கும் தன் கைக்கும் பின்னாலிருந்து இன்னொரு வார்த்தை எட்டிப் பார்த்தது. "ஓ... ட்... ட... வும். ஓட்டவும்." நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓட்டவும் ஓடி ஒளிந்துகொண்டது.

தானே ஓட்டவும். நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லத் தெரியாத அசட்டுத் தமிழ். அதிலும் பாதியை ஸ்டீயரிங் விழுங்கிவிட்டால் மிச்சம் 'தானே'. ரோடு முழுக்க 'தானா, தானா' என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வண்டி தானாகப் போகிறது, கவலைப்படாதே.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போலிருந்தது எழிலுக்கு. ஐந்து நொடி வாசித்திருந்தால் போதும். இந்தப் பக்கம் ஒருமுறை ஏறி உட்கார்ந்திருந்தால் போதும்.

"ஏன் அம்மணி, அங்கிருந்து பார்த்தா அது தெரியாதுங்களா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். மரத்தின் மறுபக்கம் கட்டைமேல் அமராவதி உட்கார்ந்திருந்தார். தூக்குவாளி திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"பாதிதான்மா தெரியுது" என்றாள் எழில்.

"பாதிதானா?"

"முன்பாதி மட்டும்."

அமராவதி ஊன்றுகோலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியின் இடதுபக்க இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வந்தது கோபமில்லை என்பது மட்டும் எழிலுக்குப் புரிந்தது. என்னவென்று புரியவில்லை.

பிற்பகல் எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். சவுந்தரம் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜெயசீலன் இடதுபக்கக் கதவை மரியாதையாகத் திறந்துவிட்டு, "வாம்மா எழில். விளக்குல இருக்கிறதை வாசிச்சுக் காட்டிடு" என்றார்.

எழில் அந்தக் கதவைத் தாண்டிப் போய் வலதுபக்கம் ஏறினாள். ஜெயசீலனின் சிரிப்பு பாதியில் நின்றது.

மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். இப்போதுதான் தெரிந்துவிட்டதே. பாதிதான் தெரிகிறது என்று கௌரவமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கலாம். தமிழ் வராது என்பது யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரு கணம் அந்த ஆசை வரத்தான் செய்தது. எதிரே நாச்சிமுத்து துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். இந்தக் கௌரவத்தைக் காப்பாற்றப் போய்த்தானே ஒரு கால் போயிற்று என்று நினைத்ததும் ஆசை அடங்கிவிட்டது.

"தா..." என்றாள். "ன... னே. தானே."

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளையாட்டம் படிக்குது பாரு!"

"ஆமாம்" என்றாள் எழில். காது மடல்வரைக்கும் எரிந்தது. "எனக்குத் தமிழ் வாசிக்க வராது. ஸ்கூல்ல படிக்கலை. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, வெளியில சொல்ல அசிங்கம்னு மறைச்சுட்டேன். இந்த எழுத்து சரியா இருக்கான்னு என்னைத்தான் கேட்டாங்க. நான் படிக்காமலே சரின்னு சொன்னேன்."

"எழில்! போதும், இறங்கு" என்றார் ஜெயசீலன்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார் சவுந்தரம். "சொல்லும்மா."

"இதுல ரெண்டு வார்த்தை இருக்கு மேடம். 'தானே ஓட்டவும்'. இங்க உக்காந்தா ரெண்டாவது தெரியாது. விளக்கை இங்க வெச்சதும் நான்தான். நான் எப்பவும் அந்தப் பக்கம் உக்காந்துதான் பார்ப்பேன்." ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்தாள். "அவர் தூங்கலை. மோதுறவரைக்கும் கண்ணு திறந்துதான் இருந்துது. அந்தப் பதிவு எங்ககிட்ட இருக்கு. நீங்க கேக்கலைன்னு நாங்க கொடுக்கலை."

சவுந்தரம் எழுந்து வந்து, எழிலை இறங்கச் சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சாய்ந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"தானே" என்று வாய்விட்டுப் படித்தார்.

"தானா ஓடுதுன்னுதானுங்களே அர்த்தம்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு ஓட்டுநர் கத்தினார். "எனக்கும் இதேதானுங்க ஆச்சு. பாலத்துக்கு முன்னாடி வண்டி ஆடுச்சு, சட்டுனு பிடிச்சதால தப்பிச்சேன்!" எனக்கும், எனக்கும் என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன.

சவுந்தரம் இறங்கி நாச்சிமுத்துவுக்கு எதிரே வந்து நின்றார். "ஏன்யா, முழிச்சிருந்தவரு எதுக்குத் தூங்குனேன்னு சொன்னீங்க? ஜெயிலுக்குப் போக அவ்வளவு ஆசையா?"

"எனக்காகச் சொன்னாருங்க." பின்னாலிருந்து அமராவதியின் குரல் வந்தது. கூட்டம் வழிவிட்டது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து வண்டியின் இடதுபக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அமரா, நீ போய் உக்காரு" என்றார் நாச்சிமுத்து.

"இருங்க, நான் சொல்லிப்போடறேன். எனக்கு அந்த லைட்டு முழுசாத் தெரிஞ்சுதுங்க மேடம். இங்க உக்காந்திருந்த எனக்கு, ரெண்டு வார்த்தையும். 'தானே ஓட்டவும்'னு. ஏதோ இவரைத்தான் ஓட்டச் சொல்லுதுன்னு புரிஞ்சுது. இவரு கையை எடுத்துட்டு இருக்காரேன்னு பார்த்தேன். ஓட்டறவருக்குத் தெரியாததா, நாம சொன்னா 'எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தர்றயா'ம்பாருன்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தனுங்க. ஒரு வார்த்தை சொல்லலை." ஊன்றுகோலைக் கைமாற்றிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் இவருகிட்ட அதைச் சொல்லித்தான் அழுதேன். அன்னைக்குப் பிடிச்சாரு, தூங்கிப்போட்டேன், தூங்கிப்போட்டேன்னு. தூங்குனவன்னா தப்பு முச்சூடும் அவரோட போயிருமாம். என்னைய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்."

சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார். விபத்து நடந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"ஏனுங்க, நெசமாவே உங்களுக்குத் தெரியலைங்களா?"

"தானேன்னுதான் தெரிஞ்சுது அமரா." நாச்சிமுத்துவின் வாய் கோணியது. "தானா ஓடுதாட்டம் இருக்குன்னு நெனச்சேன். பின்னால முருங்கைக்காய்க் கட்டு சரியற சத்தம் கேட்டுது, கண்ணாடியில பார்த்தேன். அப்புறம் நீ சொன்னப்போ, அடப்பாவி, நாமதான் தப்பாப் படிச்சுப்போட்டோம்னு... இத்தனை வருஷம் வண்டி ஓட்டி, ஒரு வார்த்தையைப் படிக்கத் துப்பில்லாம உன் காலை வாங்கிட்டேனேன்னு வெளியில சொல்லவே வெக்கமா இருந்துச்சு. அதுக்குத் தூங்குனேன்னு சொல்றதே தேவலைன்னு பட்டுச்சு."

அமராவதி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவர் பக்கத்தில் போய் நின்ற நாச்சிமுத்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் துண்டை நீட்டினார்.

எழிலால் அங்கே நிற்க முடியவில்லை. விளக்கை ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் வைத்துவிட்டோம் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தாள். அது அதோடு நிற்கவில்லை. சொல்ல உரிமையில்லை என்று நினைக்கிற ஒருத்திக்கு நேராக அதை வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியும் என்று காட்டிக்கொண்ட தன் ஒருத்தியின் பொய்யை, ஒரு குற்றமும் செய்யாத இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாகச் சுமந்துகொண்டு இத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாழ்ந்திருக்கிறார்கள்.

சவுந்தரம் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவின் லைசென்ஸ் அவரிடமே இருக்கும். அந்த விளக்கு ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக மாறுகிறவரைக்கும் இந்த வண்டிகள் எதுவும் தானாக ஓடக்கூடாது. கண் பதிவை மறைத்ததற்குக் கம்பெனி தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ஜெயசீலன் போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார். எழிலை அவர் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

கூட்டம் கலைந்தது. எழில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கத் தொடங்கியபோது வாசலில் அமராவதி நின்றுகொண்டிருந்தார். நாச்சிமுத்து ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார்.

திட்டட்டும் என்று எழில் நின்றாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றார் அமராவதி. "மத்தியானமே மொகம் செத்துக் கெடந்துதே."

எழில் இல்லையென்று தலையாட்டினாள்.

"உன் பேரென்ன?"

"எழில்."

"எழிலுன்னா? அரைப் பேராட்டம் இருக்குது. முழுப் பேரு என்ன?"

அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. அடையாள அட்டையில்கூடப் போடவில்லை. அப்பா ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர்.

"எழில்மொழி" என்றாள்.

அமராவதி அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல பேரு" என்றார்.

அதில் குத்தல் இல்லை, கேலி இல்லை. ஒரு தாய் எந்தப் பெண்ணிடமும் சொல்கிற மாதிரி மனசாரத்தான் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் எழில்மொழி தாங்கிக்கொண்டிருப்பாள்.